உயிர்ச்சேதம் ஏதேனும் இருப்பின்

எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில்தான் நாற்காலி போதாது. மற்ற நாள்களில் காரியம் இருப்பவர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திங்கட்கிழமை வருவார்கள். மரத்தின் இலை இந்தப் பக்கம் விழுகிறது, நாய் அந்தப் பக்கம் குரைக்கிறது, சாக்கடை எல்லாப் பக்கமும் நாறுகிறது. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டு, உள்ளே இருப்பவர் சொல்லும் புகாருக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதிக்கொள்வார் என்றீர்கள், ஐயா. நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் சொன்னதை எழுதியே பிழைத்தவன். இன்னொருவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு வராது.

நான் அங்கே செயலர். தலைவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். மேசையும் நானும் மாறவில்லை. ஒரு விஷயம் சொன்னால் என் வேலை உங்களுக்குப் புரியும். ரொட்டிக்கடைத் தெருவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதன் வெளிச்சம் தன் படுக்கையறைக்குள் அடிக்கிறது, தூக்கம் போய்விட்டது என்று ரொட்டிக்கடைக்காரர் மனு கொடுத்தார். அதே வெளிச்சம் தன் வாசல்வரை எட்டவில்லை என்று எதிர்வீட்டு லாரிக்காரர் மனு கொடுத்தார். இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி வைத்தேன். ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் சில வருஷங்கள் இப்படிப்பட்டவற்றை நினைத்துச் சிரிப்பேன். பிறகு சிரிப்பதும் ஒரு வேலையாகத் தோன்ற ஆரம்பித்தது.

பாலத்தின் விஷயம் அப்படிப்பட்டதல்ல. அது நியாயமான கோரிக்கை. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஊரைக் கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. இக்கரையில் அலுவலகம், பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், பஸ் நிறுத்தம். அக்கரையில் நாற்பத்திரண்டு வீடுகள். சாலை வழியாகச் சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். குறுக்கே ஒரு மரப்பாலம் இருந்தது. இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அகலம். வலப்பக்கத்துக் கைப்பிடி எப்போதோ வெள்ளத்தோடு போய்விட்டது. இடப்பக்கம் மட்டும் இருந்தது. நட்டநடுவில், இடது ஓரமாக, பலகைகள் இற்று விழுந்து ஒரு ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. அதன்மேல் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு நான்கு போல்ட் முறுக்கி வைத்திருந்தோம். ஒன்பது வருஷத்தில் ஊராட்சி செய்த மராமத்து அதுதான்.

அக்கரையில் முதல் வீடு தையல்காரம்மாவுடையது. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பார். பாலத்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது அவர் கண்ணில் படாமல் இருக்காது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை பாலத்துக்கு மனு கொண்டுவருவார். மடித்துத் தரமாட்டார். மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் துணியைத் தேய்ப்பதுபோலச் சுருக்கம் எடுத்துவிட்டுத்தான் என் பக்கம் நகர்த்துவார்.

“போன மாசம் குடுத்தது என்னாச்சு சார்?”

“மேல அனுப்பியிருக்கும்மா.”

“மேலன்னா எவ்வளவு மேல சார்? சாமிகிட்டயா?”

ஜன்னல் கட்டையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்த அம்மாமேல் கோபம் இல்லை. நூறு மனுவுக்குமேல் வாங்கியிருக்கிறேன். கிணற்றில் போட்ட கல் என்று தெரிந்தும் மாதாமாதம் ஒரு கல்லைத் துடைத்துக் கொண்டுவருகிறவரிடம் கோபப்பட முடியாது. களைப்புத்தான் வரும்.

வருஷத்துக்கு ஒருமுறை மேலிடத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்புவேன். பதினாறு கட்டங்கள். பாலத்தின் நீளம், அகலம், பயன்படுத்துவோர் எண்ணிக்கை. பதினான்காவது கட்டத்தில், “உயிர்ச்சேதம் ஏதேனும் இருப்பின், விவரம்” என்று அச்சடித்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் “இல்லை” என்று எழுதுவேன். ஒவ்வொரு வருஷமும் திரும்பி வரும்.

ஒன்பதாவது முறை திரும்பி வந்தபோது மேலிடத்து எழுத்தருக்கு போன் செய்தேன். அவரும் என்னைப்போல ஒருவர்தான். குரலில் தூக்கம் இருந்தது.

“சார், ஒளிவுமறைவில்லாமச் சொல்றேன். மேசைல எரநூறு பாலம் இருக்கு. பதினாலுல ‘இல்லை’ன்னு வந்ததெல்லாம் அடியில போயிடும். ‘ஆம்’னு வந்தா மேல ஏறும். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?”

அவரைக் குறை சொல்லமாட்டேன். உண்மையைச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் தெளிவான பதில் அது.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் வரவில்லை. கணக்குத்தான் வந்தது. அந்தப் பாலத்தைத் தினமும் பத்தொன்பது பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள் யாராவது விழத்தான் போகிறார்கள். அது ஒரு பிள்ளையாக இருக்கலாம். யார் விழுவது என்பதை மழையிடம் விட்டுவைப்பதைவிட, யோசித்துச் செய்யத் தெரிந்த ஒருவர் முடிவு செய்வது நல்லதல்லவா? இப்போதும் அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியவில்லை.

குடியிருப்போர் பதிவேட்டை எடுத்து அக்கரைப் பக்கங்களை மூன்று நாள் பார்த்தேன். அவசரப்படவில்லை. பிள்ளை குட்டி இருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், யாருக்காவது சமைத்துப் போடுகிறவர்கள் எல்லோரையும் ஒதுக்கினேன். கடைசியில் கடிகாரக்காரர் மிஞ்சினார்.

எண்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் பஸ் நிறுத்தத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். பிள்ளைகள் இல்லை. காலை ஆறு மணிக்குப் பாலத்தைக் கடந்து வந்து செய்தித்தாள் வாங்கிக்கொண்டு திரும்புவார். மற்றவர்கள் பாலத்தின் நடுவில் நடப்பார்கள். அவர் மட்டும் இடது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடப்பார், அந்தத் தகட்டின்மேல் கால் வைத்து. போன வருஷம் உயிரோடு இருக்கும் சான்றிதழ் வாங்க வந்தபோது, “இன்னும் உசிரோட இருக்கேன்னு எழுதிக் குடு தம்பி, சில நாள் எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சொன்னதை நான் ஒரு சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஸ்பேனரோடு போனேன். ஒளிந்து செய்வது எனக்குப் பழக்கமில்லை. குனிந்து மூன்று போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். நான்காவதை அரைகுறையாகத் தளர்த்தினேன். தகடு பார்க்க முன்போலவே இருந்தது. நிமிர்ந்தபோது தையல்காரம்மா ஒரு சொம்பு தண்ணீரோடு பாலத்தின் முனையில் நின்றிருந்தார்.

“ஞாயித்துக்கெழமைகூட வந்திருக்கீங்களே சார். இப்பவாவது இறுக்கணும்னு தோணுச்சே. வெயில்ல நிக்கறீங்க, குடிங்க.”

வாங்கிக் குடித்தேன். பின்னால் விசாரணை வந்தபோது, செயலர் சார் தன் கையாலேயே போல்ட்டை இறுக்கினார், நான் கண்ணால் பார்த்தேன் என்று அந்த அம்மா சொன்னார். பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அதைத்தான்.

திங்கட்கிழமை கடிகாரக்காரர் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கே அலுவலக வாசலில் நின்றிருந்தேன். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை விசாரித்தபோது காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பல வருஷமாக ஒருநாளும் தவறாத மனிதர். இதற்கிடையில் ஊரே அந்தப் பாலத்தில் போய் வந்தது. நடுவில் நடந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நர்ஸ் விழுந்தார்.

எங்கள் சுகாதார நிலையத்தில் ஒரே நர்ஸ். முப்பத்து நான்கு வயது. கணவர் பஸ் டிரைவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். என் மனைவிக்கு முட்டி வீங்கி எழ முடியாமல் கிடந்தபோது மூன்று வாரம் தினமும் வீட்டுக்கு வந்து ஊசி போட்டவர். ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்றால், “அடுத்த வீட்டுல ஒரு பாட்டி எனக்காக வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கும் அண்ணே” என்று சொல்லிவிட்டு ஓடுவார். அன்று கடிகாரக்காரருக்கு மாத்திரை கொடுக்கப் போனார். லேசாகத் தூறியிருந்ததால் பலகை வழுக்கியது. வழுக்கும்போது யாராக இருந்தாலும் கைப்பிடிப் பக்கம்தான் ஒதுங்குவார்கள். கால்வாய் அன்று கரைமட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்து கத்தினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீரில் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை மதகுப் பக்கம் கிடைத்தார்.

அந்த வாரமே புது விண்ணப்பத்தாள் ஒன்றை எடுத்துப் பதினான்காவது கட்டத்தை நிரப்பினேன். “ஆம். ஒருவர். பெண். வயது 34.” எழுத்து நன்றாகவே வந்தது. அதைக் கோப்பில் வைத்தேன்.

என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் எதிரே உட்கார்ந்து, “உங்களுக்கு அழுகையே வரலையா?” என்று கேட்டாள்.

“வேலை தலைக்கு மேல இருக்கு” என்றேன். அது உண்மையும்கூட. இரங்கல் தீர்மானம், விசாரணைக்கு அறிக்கை, பாலத்தை மூடும் அறிவிப்பு எல்லாம் நான்தான் எழுதினேன்.

நர்ஸ் இறந்த ஆறாம் நாள் ஊராட்சிக் கூட்டத்தில் பாலத்துக்கான ஒப்புதல் ஆணையை வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒன்பது வருஷம் கரடியாக் கத்துனோம். அசையல. ஒரு உசிரு போச்சு, ஆறே நாள்ல வந்துருச்சு பாருங்க.”

பின்வரிசையில் இருந்த தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். “நான் இன்னும் நல்லா எழுதியிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “எனக்குச் சரியா எழுதத் தெரியல. தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு இருந்திருக்கும்.” பக்கத்தில் இருந்தவர்கள் தேற்றினார்கள். நானும் ஏதோ சொன்னேன்.

ஏழு மாதத்தில் பாலம் கட்டி முடிந்தது. கான்கிரீட். இரண்டு பக்கமும் கைப்பிடி. பிள்ளைகள் ஓடுகிறார்கள், சைக்கிள் போகிறது. கடிகாரக்காரர் காய்ச்சல் தேறி எழுந்துவிட்டார். பழையபடி ஆறு மணிக்கு வருகிறார். இப்போது நடுவில் நடக்கிறார். தையல்காரம்மா மட்டும் மனுவோடு வருவதில்லை. திங்கட்கிழமைகளில் ஒரு ஆள் குறைந்தார்.

இங்கே நான் வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஐயா. போல்ட் துருப்பிடித்துப் போயிருந்தது என்று விசாரணை எப்போதோ முடிந்துவிட்டது. போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயத்தால்தான் வந்தேன்.

பாலத்துக்கு நர்ஸின் பெயரை வைப்பது என்று தலைவர் சொன்னார். தீர்மானத்தை எழுதச் சொன்னார். “இப்பாலத்திற்காகத் தன் இன்னுயிரை ஈந்த” என்று ஆரம்பித்து எழுதினேன். கல்வெட்டில் பொறிப்பதற்கு முன் வீட்டாரிடம் காட்டிவிடலாம் என்று நர்ஸின் கணவரை வரச்சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு யூனிஃபார்மோடு நேரே வந்தார். நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“இத அடிச்சுருங்க சார்.”

“எதை?”

“ஈந்தன்னு போட்டிருக்கீங்களே, அத. பாலத்துக்குன்னு அவ ஒண்ணும் குடுக்கல. மாத்திர குடுக்கப் போனா. சாயங்காலம் வந்து பொண்ணுக்குத் தலை பின்னிவிடறேன்னு சொல்லிட்டுப் போனா.”

“அப்ப என்னன்னு எழுதறது?”

“விழுந்துட்டான்னு எழுதுங்க. அதான நடந்துச்சு?”

தாளைத் திருப்பி என் பக்கம் வைத்துவிட்டு, பஸ் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நான் பேனாவை எடுத்தேன். “தவறி விழுந்து இறந்த” என்று எழுத வேண்டும். மூன்று சொல். தீர்மானப் புத்தகத்தில் இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை. “ஈந்த” என்பது மரியாதைக்குச் சொல்வது, அதில் உண்மை பொய் இல்லை. “தவறி விழுந்து” என்பது தகவல். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தேன். எழுத வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வியாழக்கிழமையில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு உறை கொடுத்துவிட்டுப் போனார். பாலத்துக்கான ஒப்புதல் ஆணை அதில்தான் இருந்தது. நர்ஸ் விழுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே வந்துவிட்டது. ஆறு நாள் மேசை டிராயரில் வைத்திருந்து, பிறகு வந்ததுபோல முத்திரையிட்டுக் கூட்டத்தில் வாசித்தேன். மேலே இருந்த தேதியை யாரும் பார்க்கவில்லை. கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நான் நிரப்பிவைத்த புது விண்ணப்பத்தை மேலே அனுப்பவும் இல்லை. தேவைப்படவில்லை.

ஆணையின் முதல் பத்தியை நான் கூட்டத்தில் வாசிக்கவில்லை. அக்கரைவாசியான ஒரு தையல் தொழிலாளி நேரடியாகத் தபாலில் அனுப்பிய மனுவையும், அதனோடு இணைத்திருந்த பதினோரு புகைப்படங்களையும் பரிசீலித்து இப்பாலத்துக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. ஊராட்சியின் விண்ணப்பங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒன்பது வருஷம், ஒன்பது விண்ணப்பம், நூற்று நாற்பத்து நான்கு கட்டம். மேலே ‘பார்வை’ என்று போட்டுக் குறிப்பிட்டிருந்த பழைய கடிதங்களில்கூட என்னுடையது இல்லை. மூன்று தடவை தேடினேன்.

போல்ட்டுகள் டிராயரில்தான் இருந்தன. போய்ப் போட்டுவிட்டு வர இருபது நிமிஷம் ஆகும். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு, வெயில் தாழட்டும் என்று நினைத்தேன். மிகவும் சோர்வாக இருந்தது.

மூன்றரை மணிக்கு நர்ஸ் அலுவலக வாசலில் வந்து நின்றார். மருந்துப்பை தோளில் இருந்தது.

“அண்ணே, தூறல் போடுது. குடை இருந்தாக் குடுங்க. கடிகாரத் தாத்தாவுக்குக் காய்ச்சல் விடல, மாத்திர குடுத்துட்டு ஓடி வந்துடறேன்.”

அந்த ஆணை என் முன்னால் விரித்திருந்தது. பாலம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அந்தப் பெண் குதித்திருப்பார். நேரே தையல்காரம்மாவைத் தேடித்தான் ஓடியிருப்பார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும், யார் எழுதி வந்தது என்று.

மூலையில் இருந்த என் குடையை எடுத்துக் கொடுத்தேன். கம்பி ஒன்று மடங்கியிருந்தது, அதை நேராக்கித்தான் கொடுத்தேன். படியில் ஈரம் இருந்ததால், “பார்த்துப் போம்மா” என்றும் சொன்னேன். நான் அப்படிச் சொன்னதையும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.